பட்டர் ஃப்ரூட் ஊட்டிய தாய்மாமன்

இதை எழுதச் சொன்னது என் அக்கா வனிதா. நடந்தது உன் வீட்டில், நீயே எழுதேன் என்றேன். நான் எழுதினால் பாதியிலேயே அழ ஆரம்பித்துவிடுவேன், படிக்கிறவர்களுக்கு ஒன்றும் விளங்காது என்றாள். அவள் இருந்த வாட்ஸ்அப் குழுவில் கைக்குழந்தை வைத்திருக்கும் பெண்கள் இன்னும் பல பேர் இருக்கிறார்களாம், அவர்கள் படிக்க வேண்டுமாம். "கொஞ்சம் திட்டியே எழுது, பரவால்ல. ஆனா ரொம்பத் திட்டாத" என்று ஒரு நிபந்தனையும் போட்டாள். திட்டுவதற்கு எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கம்மியாகத் திட்டுவதுதான் கஷ்டம், முயற்சி செய்கிறேன்.

எங்களுக்குச் சொந்த ஊர் ஆரணி. அப்பா அம்மா இரண்டு பேரும் இப்போது இல்லை. அக்காவுக்குப் பிறந்த வீடு என்று இருப்பது நான் ஒருவன்தான். அந்தப் பிறந்த வீடு பெங்களூர் ஒக்கலிபுரத்தில் ஒரு வாடகை அறையில் குடியிருக்கிறது. என் பெயர் முரளி, தொழில் கேஸ் அடுப்பு ரிப்பேர். பர்னர் அடைப்பு, டியூப் மாற்றுவது, திருகுகிற நாப் இறுகிப்போவது என்று பெங்களூரில் நான் நுழையாத சமையலறை குறைவு. என் சொந்த அக்கா வீட்டில் மட்டும் எனக்கு வேலையே கிடையாது. வைட்ஃபீல்டில் ஒன்பதாவது மாடியில் அவர்கள் வீடு வாங்கிக் குடிபோனபோது மூன்று பர்னர் கண்ணாடி அடுப்பு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அது பெட்டிகூடப் பிரிக்காமல் பரணில் ஏறிவிட்டது.

காரணம், அவர்கள் சமைப்பதில்லை. அக்கா சமைத்த உணவை விட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. பழம், ஊறவைத்த கொட்டைகள், முளைகட்டிய பயறு, துருவிய காய், தேங்காய்ப்பால், இவ்வளவுதான். மாட்டுப்பால், தயிர், முட்டை எதுவும் கிடையாது. கேட்டால் தீ பட்டால் உணவில் உயிர் போய்விடும் என்பாள். தீயை வைத்துப் பிழைக்கிறவனிடம் சொல்கிற பேச்சா இது? நான் கிண்டல் செய்வேன், அவள் என்னைக் கேரட் துருவச் சொல்வாள், சண்டை அத்தோடு முடிந்துவிடும்.

அவளைப் பைத்தியக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கு முன்னால் அவளுக்கு இரண்டு முறை கரு கலைந்திருந்தது. ஓயாத தலைவலி வேறு. யாரோ சொல்லி ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்து இந்தப் பச்சை உணவுக்கு மாறினாள். தலைவலி விட்டது. ஆறேழு மாதத்தில் கருவும் தங்கியது. கர்ப்பத்துக்குக் கொடுத்த மாத்திரைகளைக்கூடப் பாதியில் நிறுத்திவிட்டு, முழுக்க முழுக்க இந்தச் சாப்பாட்டிலேயே பிள்ளையைப் பெற்றெடுத்தாள். மூன்று கிலோவுக்குக் குறையாமல் கொழுகொழு என்று பிறந்தான் இனியன். அதற்கப்புறம் அவளிடம் யார் என்ன பேச முடியும்? "இந்தச் சாப்பாடுதாண்டா இவன எனக்குக் குடுத்துச்சு" என்பாள். கோயிலில் வேண்டிக்கொண்டவர்கள் பேசுவது மாதிரியே இருக்கும்.

எங்கள் பக்கத்தில் பிள்ளைக்கு முதல் சோறு ஊட்டுவது தாய்மாமன் உரிமை. மடியில் உட்காரவைத்து, வெள்ளிக் கிண்ணத்தில் பருப்பும் நெய்யும் சோறும் பிசைந்து ஊட்ட வேண்டும். இனியனுக்கு ஆறு மாதம் முடிந்ததும் நான் வெள்ளிக் கிண்ணம் வாங்கிக்கொண்டு, பட்டு வேட்டி கட்டிக்கொண்டு மெட்ரோவில் ஏறிப் போனேன். அக்கா ஊறவைத்த அவல் தயாராக வைத்திருந்தாள். நான் சும்மா இருந்திருக்கலாம். அவலும் நெல்லை ஊறவைத்து வறுத்து இடிப்பதுதானே, அதிலும் தீ பட்டிருக்குமே என்று வாய்விட்டேன். அவள் முகம் வாடிவிட்டது. அவலை எடுத்து வைத்துவிட்டு ஒரு பட்டர் ஃப்ரூட்டை அறுத்துப் பிசைந்துகொண்டு வந்தாள். ஆக, உலகத்திலேயே பட்டு வேட்டியும் வெள்ளிக் கிண்ணமுமாக உட்கார்ந்து மருமகனுக்குப் பட்டர் ஃப்ரூட் ஊட்டிய தாய்மாமன் நான்தான். வீடியோவைப் பார்த்துச் சொந்தக்காரர்கள் இன்றைக்கும் சிரிக்கிறார்கள்.

தாய்ப்பாலோடு சேர்த்து அவனுக்கு முளைகட்டிய கேழ்வரகை அரைத்துப் பிழிந்த பால் கொடுத்தாள். நம் வீடுகளில் எல்லாரும் செய்வதுதான், ஆனால் நாம் அதை அடுப்பில் வைத்துக் கூழாகக் காய்ச்சுவோம். அவள் பச்சையாகவே பாட்டிலில் ஊற்றினாள். பாதாம் பால், பப்பாளி, பேரீச்சம்பழம் எல்லாம் உண்டு. ஒவ்வொன்றையும் மூன்று முறை கழுவுவாள். அவ்வளவு கவனம் எடுத்துக்கொண்ட தாயை நான் பார்த்ததில்லை.

எனக்கும் இனியனுக்கும் நடுவில் ஒரு விளையாட்டு. என் பையில் எப்போதும் ஒரு கேஸ் லைட்டர் இருக்கும். 'டிக் டிக்' என்று அமுக்கினால் அவன் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பான். அடுப்பில்லாத வீட்டுப் பிள்ளைக்கு லைட்டர் ஒரு அதிசயம். அவன் எந்த மூலையில் இருந்தாலும் அந்தச் சத்தத்துக்குத் திரும்புவான்.

அப்புறம் வேலை அதிகமாகி இரண்டு மாதத்துக்கு மேல் நான் அந்தப் பக்கம் போகவில்லை. ஒருநாள் பக்கத்து பிளாக்கில் ஒரு அடுப்பு வேலை முடித்துவிட்டு எட்டிப் பார்த்தேன். பிள்ளை மெத்தையில் படுத்திருந்தான். முன்பு உட்கார்ந்து விளையாடியவன் இப்போது நிமிர்த்திவைத்தால் சாய்ந்தான். முகம் வெளுத்துக் கிடந்தது. தலைமுடி செம்பட்டையாகி, விரல் முட்டிகளெல்லாம் கறுத்திருந்தன. லைட்டரை எடுத்து 'டிக் டிக்' என்றேன். அவன் திரும்பவில்லை. காதருகே கொண்டுபோய் அமுக்கினேன். என் முகத்தை ஊடுருவி எங்கேயோ பார்த்தான். அவனுடைய வலது கை மட்டும் தானாக நடுங்கிக்கொண்டிருந்தது.

இது எத்தனை நாளாக என்று கேட்டேன். பல் முளைக்கிற நேரம், உடம்பு கழிவை வெளியேற்றுகிறது, குழுவில் அப்படித்தான் சொன்னார்கள் என்றாள் அக்கா. அவள் குரலிலேயே நம்பிக்கை இல்லை. என் வாயில் என்னென்னவோ வந்தது, அதையெல்லாம் இங்கே எழுத முடியாது. கடைசியில் அவள் கணவர் சதீஷ் மாமாதான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு செருப்பைப் போட்டார். அவர் அதட்டிப் பேசியே நான் பார்த்ததில்லை, அன்றைக்கும் அதட்டவில்லை. லிஃப்டைப் பிடித்துக்கொண்டு எங்களுக்காக நின்றார்.

ஆஸ்பத்திரியில் முதல் நாள் முழுக்கக் காத்திருப்புதான். குழந்தைகள் பிரிவின் சுவரில் யானையும் முயலும் வரைந்திருந்தார்கள். அந்த முயலை நான் பார்த்த மாதிரி யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். முதலில் ரத்தம் எடுத்தார்கள். ரத்தக்குழாய் கிடைக்காமல் இரண்டு மூன்று இடத்தில் குத்த வேண்டியிருந்தது. பிள்ளை பெரிதாக அழவில்லை. அதுதான் எங்களைப் பயமுறுத்தியது. கை நடுக்கம் வலிப்பாக இருக்குமோ என்று தலை நிறைய ஒயர் ஒட்டி மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்தார்கள். மயக்க மருந்து கொடுத்துத் தலையை ஸ்கேன் எடுத்தார்கள். அக்கா ஸ்கேன் அறை வாசலில் நின்றபடியே இருந்தாள். உட்கார் என்றால், அவன் உள்ளே படுத்திருக்கும்போது நான் எப்படி உட்காருவது என்றாள். மாமா இன்ஷூரன்ஸ் கவுன்டருக்கும் மாடிக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

குழந்தை டாக்டர் பெங்களூரிலேயே ரிச்சர்ட்ஸ் டவுனில் பிறந்து வளர்ந்த தமிழ்க்கார அம்மா. தலை நரைத்தவர், நிதானமாகப் பேசுவார். ரிப்போர்ட் வந்ததும் எங்களை உட்காரவைத்து, பிள்ளைக்கு என்ன சாப்பாடு கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். அக்கா ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் குறுக்கே பேசவே இல்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நீங்கள் என்ன சாப்பிடுகிறீர்கள் என்றார். அதையும் சொன்னாள்.

"நீங்க குடுத்ததெல்லாம் நல்ல பொருள்தாம்மா. ஆனா ஒண்ணே ஒண்ணு அதுல எதுலயும் இல்ல" என்றார் டாக்டரம்மா.

அந்த ஒன்றுதான் வைட்டமின் பி-12. எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். ரத்தத்தின் சிவப்பணு சரியாக உருவாகவும், நரம்புக்கு மேலே இருக்கும் உறை கெடாமல் இருக்கவும் அது வேண்டும். ஒயருக்கு மேலே பிளாஸ்டிக் உறை இருக்கிறதே, அது மாதிரி. அது இல்லாவிட்டால் ரத்தம் வற்றும், நரம்பு தடுமாறும், வளர்கிற பிள்ளை கற்றுக்கொண்டதை ஒவ்வொன்றாக மறக்க ஆரம்பிக்கும். பால், தயிர், முட்டை, மீன், கறி இவற்றில் அது இருக்கிறது. காய், பழம், கொட்டை, முளைப்பயறு எதிலும் அது கிடையாது. அசைவமும் பாலும் வேண்டாம் என்கிறவர்கள் மாத்திரையாகவாவது எடுக்க வேண்டும். தாயின் உடம்பில் அது இல்லாவிட்டால் தாய்ப்பாலிலும் இருக்காது. கருவில் இருக்கும்போதே அவனுக்குச் சேமிப்பு கம்மி, பிறந்த பிறகும் கிடைக்கவில்லை. ரத்தத்தில் இரும்புச்சத்தும் குறைவாக இருந்தது. ஸ்கேனில் மூளை வயசுக்குக் கொஞ்சம் சுருங்கித் தெரிந்தது. வலிப்பு இல்லை.

முளைகட்டிய பயறைப் பச்சையாகக் கொடுத்ததையும் அவர் விடவில்லை. முளைவிடும் ஈரத்திலும் வெதுவெதுப்பிலும் கிருமியும் சேர்ந்து பெருகும், கழுவினால் போகாது, கொதிக்கவைத்தால்தான் போகும் என்றார். அவனுக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு இருந்ததை அப்போதுதான் அக்கா சொன்னாள். சின்ன வயிற்றில் பச்சைக் காய்கறி சீக்கிரம் நிறைந்துவிடும், தேவையான சக்தி சேராது, வேகவைத்துக் குழைத்தால்தான் பிள்ளைக்கு ஒட்டும் என்றும் விளக்கினார்.

அப்புறம் மாமாவின் பக்கம் திரும்பி, நீங்களும் இதையேதான் சாப்பிடுகிறீர்களா, பார்த்தால் தெம்பாக இருக்கிறீர்களே என்று கேட்டார். மாமா தரையைப் பார்த்தார். ஆபீஸ் கேன்டீனில் அவர் முட்டை பிரியாணி சாப்பிடுவது எனக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். தயங்கித் தயங்கிச் சொன்னார். அக்கா அவரைப் பார்க்காமலே, "எனக்குத் தெரியும். சட்டைய நான்தானே துவைக்கிறேன்" என்றாள். அந்த அறையில் டாக்டரம்மா ஒருவர்தான் சிரித்தார்.

சரியாகிவிடுமா என்று நான்தான் கேட்டேன். ரத்தம் கட்டாயம் ஏறும், முகம் பார்ப்பதும் சிரிப்பதும் பெரும்பாலும் சீக்கிரம் திரும்பும், மூளை எவ்வளவு தூரம் விட்ட இடத்தைப் பிடிக்கும் என்பதை இப்போதே சொல்ல முடியாது என்றார். பொய் சொல்லாத டாக்டர் நல்லவர்தான். அன்றைக்கு மட்டும் அவர் கொஞ்சம் பொய் சொல்லியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

அன்றே ஊசி ஆரம்பமானது. தாய்க்கும் தனியாக ஊசி. ஊசி போட்டதும் பிள்ளை எழுந்து உட்கார்ந்துவிடுவான் என்று நாங்கள் நினைத்தோம். நடந்தது நேர்மாறு. அடுத்த நாட்களில் நடுக்கம் அதிகமானது. கையோடு நின்றிருந்த நடுக்கம் தலைக்கும் நாக்குக்கும் பரவியது. டாக்டரம்மா முன்கூட்டியே எச்சரித்திருந்தார்: காய்ந்த நரம்புக்கு மருந்து போகும்போது சில பிள்ளைகளுக்கு இப்படிக் கூடிவிட்டுத்தான் குறையும். தெரிந்திருந்தாலும் கண்ணால் பார்க்க முடியவில்லை. அந்த வார்டு நர்ஸ் தும்கூர் பக்கத்துக்காரர், பாதி கன்னடம் பாதி தமிழ். ஒவ்வொரு முறை வரும்போதும் அக்காவின் தோளைத் தட்டி, "அழ வேண்டாம்மா, சரி ஹோகுத்தெ" என்பார். சரியாகிவிடும் என்று அர்த்தம். எங்களுக்கு அந்த நாட்களில் அது ஒரு மந்திரம் மாதிரி. மாமாவும் நானும் கேன்டீனில் காபி வாங்கினால்கூட ஒருவருக்கொருவர் "சரி ஹோகுத்தெ" சொல்லிக்கொண்டோம்.

நான் லைட்டரை எடுத்து ஒருமுறை அமுக்கியதற்கு அதே நர்ஸ் ஓடிவந்து பிடுங்கிக்கொண்டார். வார்டில் ஆக்ஸிஜன் ஓடுகிறது, பொறி தட்டினால் என்ன ஆகும் என்று நன்றாகத் திட்டினார். அடுப்பு மெக்கானிக்குக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா? வேண்டியிருந்தது. பயத்தில் தொழில் மறந்துபோய்விட்டது. அதற்கப்புறம் நாக்கை மேலண்ணத்தில் தட்டி 'டிக் டிக்' என்று சத்தம் பண்ணினேன். பக்கத்துக் கட்டில் பிள்ளையெல்லாம் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. எங்கள் பிள்ளை மட்டும் விட்டத்தைப் பார்த்தான்.

அக்கா சாப்பிடவில்லை. மாமா பழம் வாங்கிக் கொடுத்தால் கையில் வைத்துக்கொண்டிருப்பாள். டாக்டரம்மா அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. உங்களுக்கு ஊசியும் மாத்திரையும் போதும், உங்கள் சாப்பாடு உங்கள் விருப்பம், பிள்ளைக்கு மட்டும் வேகவைத்துக் கொடுங்கள் என்றுதான் சொன்னார். பிள்ளைக்குச் சரி என்று அக்கா உடனே ஒத்துக்கொண்டாள். தன் விஷயத்தில் வாயைத் திறக்கவில்லை. ஒரு சாயங்காலம் அவளைக் கீழே வராந்தாவுக்குக் கூட்டிப்போய், ஏன் இப்படிப் பட்டினி கிடக்கிறாய் என்று கேட்டேன்.

"ரெண்டு தடவ போச்சு முரளி. இதச் சாப்பிட்டப்பதான் இவன் தங்கினான். இத விட்டா இவனும் போயிடுவானோன்னு பயமா இருக்கு. விடாமப் புடிச்சுக்கிட்டதாலதான் இப்படி ஆச்சுன்னு சொல்றாங்க. நான் எதடா நம்பறது?"

திட்ட வேண்டும் என்று ஒரு வாரமாகச் சேர்த்துவைத்திருந்த கோபமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. அவள் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டேன். ஆரணியில் பள்ளிக்கூடம் போகும்போது என் மூக்கைத் துடைத்துவிட்டுக் கூட்டிப்போனவள் அவள். எனக்கு அவளைவிடப் பெரிதாக யாரும் கிடையாது.

நடுக்கம் மெல்லக் குறைந்தது. எந்த நாளில் என்று சொல்ல முடியாது, தினமும் பார்த்துக்கொண்டே இருந்தால் தெரியாது. ஒரு காலையில் நான் அவன் கட்டிலுக்குப் பின்பக்கம் நின்று மாமாவிடம் பேசிக்கொண்டே, பழக்கத்தில் நாக்கால் 'டிக்' என்றேன். இனியன் தலையைத் திருப்பினான். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் போய் மறுபடி 'டிக்' என்றேன். அந்தப் பக்கமும் திரும்பினான். மாமா ஆண்பிள்ளை என்றும் பார்க்காமல் வார்டு நடுவே நின்று அழுதார். சிரிப்பு மட்டும் இன்னும் வரவில்லை.

அன்றைக்கே டயட்டீஷியன் வந்து, இன்றிலிருந்து பருப்புச்சாதம் குழைவாக ஆரம்பிக்கலாம், வீட்டிலிருந்தே கொண்டுவாருங்கள், ஒரு வயது ஆகும்வரை உப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். வீட்டிலிருந்து என்றால் எந்த வீட்டிலிருந்து? நானும் மாமாவும் வைட்ஃபீல்டுக்கு ஓடினோம். பரணிலிருந்து பெட்டியை இறக்கிப் பிரித்தேன். சமையலறையில் மூடிக் கிடந்த குழாய் கேஸை இணைத்து, சோப்பு நுரை பூசிக் கசிவு இருக்கிறதா என்று பார்த்து, பற்றவைத்தேன். நீலமாக, சத்தமில்லாமல் எரிந்தது. என் தொழிலில் எத்தனையோ அடுப்பு பற்றவைத்திருக்கிறேன், இதை மட்டும் அணைத்துவிட்டு இன்னொரு முறை பற்றவைத்துப் பார்த்தேன். அரிசி, பருப்பு, நெய் வழியிலேயே வாங்கியிருந்தோம், அந்த வீட்டில் குக்கர் இல்லை, எதிர்வீட்டில் கேட்டு வாங்கினோம். மாமாவுக்குத் தண்ணீர் அளவு தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. கஞ்சியாகப் போனாலும் பரவாயில்லை என்று நிறையவே ஊற்றினோம்.

இனியன் இப்போது சோபாவைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான். அவன் வயதுப் பிள்ளைகளைவிடக் கொஞ்சம் பின்தங்கித்தான் இருக்கிறான், வாரம் இருமுறை பிசியோதெரபி உண்டு, மாதாமாதம் டாக்டரம்மாவிடம் காட்டுகிறோம். மாமா என்றால் என்னைக் காட்டுகிறான். ஆனால் இதைப் படிக்கிற பெண்களுக்கு நான் சொல்ல நினைப்பது அந்தச் சோற்றோடு ஆஸ்பத்திரிக்குத் திரும்பிய மதியத்தைத்தான்.

நாங்கள் கேரியரைத் தூக்கிக்கொண்டு வார்டுக்குள் போனபோது அக்கா பிள்ளையை மடியில் சாய்த்து வைத்திருந்தாள். மாமா கேரியரைத் திறந்தார். நெய் வாசனை வந்தது. நான் பையிலிருந்து அந்த வெள்ளிக் கிண்ணத்தை எடுத்தேன். அவள் வீட்டு அலமாரியில் கண்ணில் பட்டதும் சொல்லாமலே எடுத்து வந்திருந்தேன். அக்கா அதைப் பார்த்தாள். பிள்ளையைத் தூக்கி என் மடியில் வைத்தாள்.

"நீ ஊட்டு. தாய்மாமன் நீதான" என்றாள்.

பட்டு வேட்டி இல்லை, கிரீஸ் கறை பட்ட பேன்ட்தான். கையை நன்றாகக் கழுவிக்கொண்டு வந்து, ஸ்பூன் நுனியில் கொஞ்சம் எடுத்து வாயில் வைத்தேன். இனியன் முகத்தைச் சுளித்தான். பாதியை நாக்கால் தள்ளினான். துடைத்துவிட்டு நாக்கால் 'டிக்' என்றேன். அவன் என்னைப் பார்த்தான். என்னை ஊடுருவிப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தான். இரண்டாவது வாய்க்கு வாயைத் திறந்தான். மூன்றாவது ஸ்பூனை நான் கிண்ணத்திலிருந்து எடுப்பதற்குள் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். நான் மறுபடி 'டிக்' என்றதும், வாயெல்லாம் சோறாக, சிரித்தான்.

நான்கைந்து வாயோடு போதும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் இருந்தது. அதை மூடப் போனேன். அக்கா என்னைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறந்தாள். எனக்குப் புரியவில்லை, ஸ்பூனைப் பிடித்தபடி அப்படியே இருந்தேன்.

"என்னடா பாக்கற? ஊட்டு."

ஊட்டினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு, மெல்லுவதற்கு ஒன்றுமே இல்லாத அந்தக் குழைந்த சோற்றை வெகுநேரம் மென்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து கன்னத்தில் இறங்கியது. மாமா தன் கர்சீப்பை எடுத்து நீட்டினார். அவள் வாங்கவில்லை. விழுங்கிவிட்டுக் கண்ணைத் திறந்தாள்.

"உப்பே இல்ல" என்றாள்.

குழந்தைக்கு உப்புப் போடக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்களே, அதனால்தான் போடவில்லை என்று மாமா அவசர அவசரமாக விளக்கினார்.

"அது அவனுக்குத்தான சொன்னாங்க? நாளைக்கு எனக்குத் தனியா உப்புப் போட்டு எடுத்துட்டு வாங்க."